உப்புத்தீவின் முதல் பாதி

திருப்பதி வரைக்கும் போய்விட்டு மலையேறாமல் திரும்பி வந்தவள் என்று எங்கள் தெருவில் எனக்கு இப்போது ஒரு பெயர். பாளையங்கோட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண்ணைப் பரிசோதிக்க உட்காருகிறவர்கள்கூட, "லட்டு எங்கே, வடிவு?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுத்துப் பலகையைப் பார்க்கிறார்கள். லட்டு வாங்கவில்லை. நான் போனது ஒரு காமிக்ஸ் புத்தகத்துக்காக.

பழைய தமிழ் காமிக்ஸ் வாங்கி வைப்பது பொழுதுபோக்கு இல்லை, முதலீடு என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். பாதி உண்மை. மற்றவர்கள் நகைச் சீட்டுக் கட்டுகிற மாதிரி நான் பழைய இதழ்கள் வாங்குவேன். நல்ல விலை வரும்போது ஒன்றிரண்டை விற்பேன். கடையில் இப்போதிருக்கும் கண் பரிசோதனை இயந்திரம் அப்படி ஒரு கட்டை விற்று வாங்கியதுதான். அண்ணன் கடைக்கு வரும்போதெல்லாம் அதைத் தட்டிப் பார்த்து, "பொம்மப் புஸ்தகம் வாங்கிக் குடுத்த மிஷினு!" என்பான்.

மீதிப் பாதி, தூமகேது காமிக்ஸ். நான் பிறந்த சமயத்தில் சென்னையிலிருந்து வந்து, ஏழெட்டு இதழோடு நின்றுபோன பத்திரிகை. துப்பறியும் பூபதி என்று ஒரு நாயகன். முதல் இதழில் 'உப்புத்தீவு மர்மம்' என்ற கதை தொடங்கும்; இரண்டாம் இதழில் முடியும். இரண்டாம் இதழிலிருந்து கடைசி வரை எல்லாம் என்னிடம் உண்டு. முதல் இதழ் மட்டும் கிடையாது. எனக்குத் தெரிந்த எந்தச் சேகரிப்பாளரிடமும் கிடையாது. ஆகவே குற்றவாளி யார் என்று எனக்குத் தெரியும். அவன் என்ன செய்தான், எப்படி மாட்டினான் என்பதுதான் பாதி புரியாமல் கிடந்தது.

அந்த முதல் இதழின் அட்டைப்படம் எங்கள் சேகரிப்பாளர் குழுவில் ஒரு காலை வந்தது. விற்பவர் திருப்பதிக்காரர், கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருப்பவர். குழுவில் பெங்களூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். வாங்கும் புத்தகத்தையெல்லாம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துச் சீல் அடித்துவிடுவார். அவர் வாங்கிய புத்தகத்தை அதன்பின் யாரும் திறந்து படித்ததில்லை, அவர் உட்பட. "நான் வாரக் கடைசியில் நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்று அவர் எழுதியிருந்தார். வாரக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது. நான் அன்றைக்கே கிளம்பிவிட்டேன்.

திருப்பதியில் இறங்கியதும் மொட்டைத் தலைகளும் சந்தன வாசனையுமாகக் கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டே வெளியே கொண்டுவந்தது. ஆட்டோக்காரர் நான் வாயைத் திறக்கும் முன்பே மலை பஸ் நிற்கும் பக்கம் வண்டியைத் திருப்பினார். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடைக்குப் போக வேண்டும் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "பெண்ணுக்கா, பிள்ளைக்கா? முதல் பத்திரிகை மேலே சாமிக்குத்தான் போக வேண்டும்" என்று தெலுங்கில் சொன்னார். கல்யாணமும் இல்லை, மலைக்கும் போகவில்லை என்று எனக்குத் தெரிந்த அரைத் தெலுங்கில் விளக்கினேன். கண்ணாடி வழியாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, ஏதோ பெரிய கஷ்டத்தில் இருப்பவளிடம் பேசுகிற மாதிரி, "எல்லாம் சரியாகிவிடும் அம்மா" என்றார்.

கடை திறக்க நேரம் இருந்ததால் எதிரே டிபன் சாப்பிட்டேன். எங்கள் ஊரில் சட்னி என்றால் தேங்காய். இங்கே வேர்க்கடலையும் பச்சை மிளகாயும். முதல் வாய்க்குக் கண்ணில் தண்ணீர் வந்தது; இரண்டாவது வாய்க்கு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன். இட்லிமேல் பருப்புப்பொடியைத் தூவி நெய்யையும் விட்டுவிட்டுப் போனார் பரிமாறுகிறவர். கேட்காமலே நெய் விடுகிற ஊரை நான் அன்றுதான் பார்த்தேன்.

கடைக்காரர் பெயர் ரமணா. முப்பத்தைந்து வயதிருக்கும். நன்றாகத் தமிழ் பேசினார், நடுநடுவே தெலுங்கு எட்டிப் பார்க்கும். பட்டுத்துணியில் சுற்றிய புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். "எங்க தாத்தா கலெக்‌ஷன் மேடம். பீரோவுலயே பத்திரமா இருந்தது."

சிவப்பும் கறுப்பும் மட்டுமே கொண்ட அட்டை. கொந்தளிக்கும் கடல், ஒரு கலங்கரை விளக்கம், அதன் உச்சியில் கையைத் தூக்கி நிற்கும் ஒரு நிழல். இத்தனை வருடம் மற்ற இதழ்களின் விளம்பரத்தில் தபால்தலை அளவுக்குப் பார்த்த படம் முழு அளவில் என் முன்னால் கிடந்தது. இருந்தாலும், தொழில் புத்தி விடவில்லை. கண்ணோடு ஒட்டிப் பார்க்கும் சின்ன லென்ஸை எடுத்தேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக என்னிடமிருந்த இரண்டாம் இதழையும் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். என்னிடம் அதில் இரண்டு பிரதி உண்டு, சுமாரானதைக் கொண்டுவந்திருந்தேன்.

என் இதழில் சிவப்பு என்றால் சிவப்பு மை. ஒரே மை, ஒரே பூச்சு. ரமணாவின் இதழில் சிவப்புக்குள் பார்த்தால் மஞ்சளும் ரோஜா நிறமுமாகப் பொடிப் பொடிப் புள்ளிகள். நடுமடிப்பில் ஸ்டேப்ளர் பின் அடித்த இடத்தில் துருக்கறை இருந்தது. ஆனால் பின் பளபளவென்று புதிது. துருவையும் சேர்த்து அச்சடித்திருந்தார்.

லென்ஸைக் கீழே வைத்தேன். "உங்க தாத்தா லேசர் பிரிண்டர் வச்சிருந்தாரா?"

ரமணா சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. ஃபேனைக் கூட்டி வைத்தார். எனக்கோ, இவ்வளவு தூரம் வந்தது ஒரு நகலைப் பார்க்கவா என்று ஆத்திரம். எழுந்து வாசல் வரை போய்விட்டேன். அப்புறம்தான் உறைத்தது. நகல் என்றால் அசல் ஒன்று இருந்தாக வேண்டும். அந்தத் துரு எங்கேயோ உண்மையாகப் பிடித்த துரு!

திரும்பி வந்து உட்கார்ந்தேன். "எதை வச்சு அடிச்சீங்க?"

"தப்பாயிடுச்சு மேடம்" என்றார் ரமணா. அடுத்த ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பாலசமுத்திரம் பக்கத்துப் பெண் ஒருத்தி, ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவள், பெயர் கல்பனா. ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து பெரிய அளவில் கலர் ஜெராக்ஸ் எடுத்துப் போனாள். ஸ்கேன் இவருடைய கம்ப்யூட்டரிலேயே இருந்தது. குழுவில் இது என்ன விலைக்குப் போகும் என்று பார்த்ததும் ஆசை வந்துவிட்டது.

"போன் போடுங்க. ஸ்பீக்கர்ல" என்றேன்.

கல்பனாவுக்கு ஷிஃப்ட் இடைவேளை. நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னதும் அவள் முதலில் பாய்ந்தது ரமணாமேல்தான். "எங்கம்மாக்குக் கண்ணு செரியா தெரிலன்னு பெருசா போட்டுத் தரச் சொன்னா, நீ அத்த வச்சி வியாபாரம் பண்றியா? வெக்கமா இல்ல?" ரமணா மேஜை இழுப்பறையைத் திறந்து மூடினார். பிறகு என்னிடம் பேசும்போது கல்பனாவின் குரல் இறங்கியது. "புக்கு எங்க வூட்லதான் கீது மேடம். ஆனா அது அம்மாவோடது. அம்மாவும் நைனாவும் பங்காருபாளையத்துல மாங்கா லோடு வச்சினு க்யூல நிக்கிறாங்க. அவங்களாண்ட கேளுங்க. நீல ட்ரெய்லரு, பின்னால முருகன் படம்."

ஸ்கேனை அழித்துவிட்டுத்தான் நான் எழுந்தேன். விற்பனைக்கு இல்லை என்று குழுவில் போடவும் வைத்தேன். ஒரு போலியை முறியடித்த தெம்பில் அன்று மத்தியானம் ராகி சங்கட்டியும் நாட்டுக்கோழிக் குழம்பும் சாப்பிட்டேன். எங்கள் ஊர்க் கூழுக்கு அண்ணன் முறை. உருண்டையாக, கையில் ஒட்டாமல், குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். மெல்லக் கூடாது என்று பக்கத்து இலைக்காரர் தெலுங்கில் கண்டித்தார்.

மறுநாள் சித்தூர் பஸ் சந்திரகிரி தாண்டுவதற்குள் படுத்துவிட்டது. டிரைவர் இறங்கி, அடியில் குனிந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் பீடி பற்ற வைத்தார். அதிலிருந்தே எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. மாற்று பஸ் வருவதாகக் கண்டக்டர் தெலுங்கில் சொன்னதை, எனக்குப் பக்கத்தில் நின்ற காட்பாடிப் பையன் தமிழில் திருத்தினான்: "வரும்னு சொல்றாரு. இன்னிக்கா நாளைக்கான்னு சொல்லல." திருப்பதி ஓட்டல் ஒன்றில் வேலையாம், வாரம் ஒரு தடவை இப்படித்தான் ஊருக்குப் போய்வருகிறான்.

பாறை மலையும் கோட்டைச் சுவரும் சாலையிலிருந்தே தெரிந்தன. வந்தது வரட்டும் என்று நடந்து போய் அரண்மனையைப் பார்த்தேன். வெயிலில் மரங்களெல்லாம் சோர்ந்து நிற்க, அந்தக் கட்டடம் மட்டும் உள்ளுக்குள் மண்பானை போலக் குளிர்ந்திருந்தது. ஒரு ராஜாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே காட்பாடிப் பையன் வெளியிலிருந்து, "அக்கா, பஸ்ஸு!" என்று கத்தினான். மாற்று பஸ் இல்லை. பழைய பஸ்ஸே எழுந்துவிட்டது. ஓடினேன். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் ஓடி வந்ததைப் பார்த்து பஸ்ஸே கைதட்டியது.

சித்தூரில் பஸ் மாறிப் போனேன். பங்காருபாளையத்தில் மாங்காய் வாசனை ஊருக்கு முன்பே வந்து நின்றது. சாலை ஓரம் முழுக்க டிராக்டர்கள், ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணுக்கெட்டிய தூரம். எல்லாம் கிளிமூக்கு மாங்காய். கூழ் எடுக்கும் ஃபேக்டரிக்குப் போக வேண்டியவை. டிராக்டர் நிழலில் சமையல் நடந்தது, சீட்டாட்டம் நடந்தது, ஒருவர் முகச்சவரம்கூடச் செய்துகொண்டிருந்தார். நீல ட்ரெய்லர்களே நிறைய. முருகன் படத்தைத் தேடிக்கொண்டு வரிசை நெடுக நடந்தேன்.

மயில் வாகனத்துக்குக் கீழே ஒரு பெண் உட்கார்ந்து மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். காதில் பெரிய கம்மல், தலையில் ஈரத்துண்டு.

"நீதான் திர்நெல்வேலியா? கல்பனா சொன்னா. குந்து" என்றார். உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காயை என் பக்கம் நகர்த்தினார். "துன்னு மொதல்ல. அப்பால பேசலாம்."

அவர்தான் கோவிந்தம்மா. வண்டியின் முன்பக்கம் தூங்கிக்கொண்டிருந்தவர் கணவர் முனிரத்தினம். இரண்டு பேரும் அந்த ஃபேக்டரி வாசலில் ஏற்கெனவே ஒரு ராத்திரி கழித்திருந்தார்கள்.

புத்தகம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். கோவிந்தம்மா கத்தியாலேயே தெருவின் அந்தப் பக்கத்தைக் காட்டினார். "அதோ, அந்த ஷெட்டு கீது பாரு. அப்ப அது மாங்கா மண்டி. எங்குளுக்கு நெலம் நீச்சு ஒண்ணுமில்ல. சீசனுக்கு எங்கம்மா கூலிக்கு வரும், நானும் கூட வருவேன். மரப்பொட்டில வைக்கோலு போட்டு, பழைய பேப்பர்ல சுத்தி மாங்கா அடுக்கணும். மெட்ராஸ்லேர்ந்து பேப்பரு கட்டுக் கட்டா வரும். ஒரு நாளு கட்டப் பிரிச்சா பூரா பொம்ம புக்கு! புத்தம் புதுசு. ஒர்த்தரும் தொறந்துகூடப் பாக்கல. கிழிச்சிச் சுத்துன்னாங்க. கிழிக்க மனசு வர்ல. பாவாடைல சொருகினு வந்துட்டேன்."

கையிலிருந்த மாங்காயைக் கீழே வைத்தேன். விற்காமல் திரும்பிய பிரதிகளெல்லாம் எங்கே போயின என்று எங்கள் குழுவில் வருடக்கணக்காக வாதம் நடக்கிறது. வெள்ளத்தில் போயிற்று என்பார்கள், கிடங்கு எரிந்தது என்பார்கள். மாம்பழத்துக்குச் சட்டையாகப் போயிருக்கிறது!

விற்பீர்களா என்று கேட்டேன்.

"தெரில. இன்னொர்த்தரும் காலைல போன் பண்ணாரு. பெங்களூராம். நாளைக்குக் கார்ல வூட்டுக்கே வராராம்."

ரமணா என்னிடம் சொன்ன ஐந்து நிமிடக் கதையை அவரிடமும் சொல்லியிருக்கிறார். மாங்காய் புளித்தது.

சித்தூர் லாட்ஜில் அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. பெங்களூர்க்காரரிடம் கார் இருக்கிறது, என்னிடம் பஸ் டிக்கெட் இருக்கிறது. அவருக்கு ஈடாக விலை சொல்லவும் என்னால் முடியாது. காலையில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. கோவிந்தம்மா. "லோடு எறக்கியாச்சு. சித்தூர் வழியாத்தான் போறோம். ரோட்டுக்கு வந்து நில்லு, இட்டுகினு போறோம்."

அப்படித்தான் நான் காலி ட்ரெய்லரில் சாக்குமேல் உட்கார்ந்து பாலசமுத்திரம் போனேன். முதுகுக்கு அது பயணம் இல்லை, தண்டனை. ஆனால் சந்தோஷம் தாங்கவில்லை. புத்தகத்தைத் தேடிப் போகிறவளைப் புத்தகத்துக்குச் சொந்தக்காரியே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் எந்தக் கார் முந்த முடியும்? வழியெல்லாம் மாந்தோப்பு, கரும்பு, நடுவே குன்றுகள். தமிழ்நாட்டு எல்லை பக்கத்திலேயே ஓடுவதால் என் போன் நிமிடத்துக்கு ஒரு மாநிலத்துக்கு வரவேற்றுக்கொண்டிருந்தது. எதிரே வந்தவர்கள் டிராக்டரை நிறுத்தித் தெலுங்கில் மாங்காய் விலை கேட்டார்கள். முனிரத்தினம் தெலுங்கில் பதில் சொல்லிவிட்டு, அதே மூச்சில் திரும்பி மனைவியிடம் தமிழில் அவர்களைத் திட்டினார்.

இரண்டு அறை கான்கிரீட் வீடு. பின்னாலேயே அவர்களுடைய தோப்பு. "இந்த நெலம் நாங்க வாங்கி இப்பத்தான் காய்ப்புக்கு வந்திச்சி" என்று முனிரத்தினம் வழியிலேயே காட்டியிருந்தார். கோவிந்தம்மா கைகால் கழுவிக்கொண்டு இரும்புப் பெட்டியைத் திறந்தார். உரச்சாக்கின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை; அதற்குள் பழைய புடவை; அதற்குள் புத்தகம்.

ஒன்று இல்லை. மூன்று.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்று படித்துப் படித்து நைந்து, ஓரமெல்லாம் பஞ்சாகியிருந்தது. அதைத்தான் கல்பனா நகலெடுத்திருக்கிறாள். மற்ற இரண்டும் அன்றைக்கு அச்சான மாதிரி. லென்ஸை வைத்தேன். ஒரே மை. ஒரே சிவப்பு. பின்னில் உண்மையான துரு.

"எதுக்கு மூணு எடுத்தீங்க அக்கா?"

கோவிந்தம்மா வெட்கப்பட்டுச் சிரித்தார். "எனக்கு அப்பப் படிக்கத் தெரியாதே. அட்டை ஒண்ணா இருந்தாலும் உள்ள வேற வேற கதன்னு நெனச்சி எத்தாந்தேன்."

பள்ளிக்கூடம் போனது இரண்டு வருடம், அதுவும் தெலுங்கில். தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டது இந்தப் புத்தகத்தை வைத்துத்தான். ஊர் வழியாகத் திருத்தணி பஸ் போகும். அது எங்கே போகிற பஸ் என்று தெரியும். ஆகவே பலகையில் இருப்பது 'திருத்தணி' என்று தெரியும். அந்த எழுத்துகளைப் புத்தகத்தில் தேடுவார். பிறகு வேறு பஸ், வேறு பலகை. "ஒரு வர்சம் ஆச்சி, மொத பக்கம் முடிக்க" என்றார். "கடைசிப் பக்கம் வந்தா 'தொடரும்'னு போட்டிருக்கான். அத்தக் கண்டுபுடிச்சன்னைக்கி அழுதுட்டேன்."

"அந்தத் திருட்ட எவன் பண்ணதுன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியாது" என்றார் வாசலிலிருந்து முனிரத்தினம். "டாக்டருதான். நான் கல்யாணம் ஆனப்பவே சொல்லிட்டேன்."

"டாக்டரு இல்ல" என்றார் கோவிந்தம்மா. "லைட்டவுசு காவக்காரன்."

"அவனுக்கு எழுதப் படிக்கவே தெரியாது, அவன் எப்டி லெட்டரப் படிச்சித் திருடுவான்?"

முப்பது வருடத்து வாதம் என்பது குரலிலேயே தெரிந்தது. நான் பையைத் திறந்து இரண்டாம் இதழை வெளியே எடுத்தேன். "அக்கா, முடிவு எங்கிட்ட இருக்கு."

கோவிந்தம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நீட்டினார். நான் கொடுப்பதற்குள் அவருடைய போன் அடித்தது.

பெங்களூர்க்காரர். கோவிந்தம்மா ஸ்பீக்கரைப் போட்டார். பங்காருபாளையத்தில் மாங்காய் டிராக்டர்களுக்கு நடுவே அவருடைய கார் மாட்டிக்கொண்டு நின்றது; ஹாரன் சத்தத்துக்கு மேலே அவர் கத்திப் பேசினார். "யாருக்கும் குடுத்திடாதீங்கம்மா. என்ன விலை சொன்னாலும் தர்றேன். ஒண்ணுதானே இருக்கு?"

"மூணு கீது" என்றார் கோவிந்தம்மா.

அந்தப் பக்கம் குரல் தணிந்தது. "மூணையும் நானே எடுத்துக்கறேன். மூணு இருக்குன்னு வெளிய தெரிஞ்சா மதிப்பு விழுந்துடும். நல்லதா ஒண்ணை வச்சுக்கிட்டு, மத்த ரெண்டையும் உங்க கண்ணு முன்னாடியே கொளுத்திடறேன். மூணுக்கும் சேர்த்தே காசு."

முதலீட்டுக் கணக்கில் அவர் சொன்னதில் பிழையே இல்லை. உலகத்தில் ஒன்றே ஒன்று என்றால் அது ஒரு விலை. மூன்று என்றால் வேறு விலை. நானும் அந்த மூன்றைப் பார்த்த கணத்திலேயே அந்தக் கணக்கைப் போட்டிருந்தேன், கொளுத்துவதைத் தவிர. கோவிந்தம்மா சொல்லப்போகும் விலைக்குக் காத்திருந்தேன். இனி எனக்கு வேலை இல்லை என்றுதான் நினைத்தேன்.

கோவிந்தம்மா போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். "கொளுத்தறதுக்கு இது இன்னா பொணமா?" என்றார். "கிழிக்கச் சொன்னப்பவே நான் கிழிக்கல. அப்ப எனக்கு ஒருவேள சோத்துக்கு வழியில்ல. இப்பக் கொளுத்தவா குடுப்பேன்? வண்டியத் திருப்பிகினு போய்யா." வைத்துவிட்டார்.

முனிரத்தினம் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். "அப்ப, திர்நெல்வேலிக்கு ஒண்ணு. நமக்கு ஒண்ணு. நல்லதுல இன்னொண்ணு கல்பனாவுக்கு. வெல பேசிக்கலாமா?"

மண்டியில் பேசுகிற மாதிரியே பேசினார். என் வலது கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு மூடிவிட்டு, உள்ளே விரல்களை அழுத்தினார். ஒரு விரல் என்றால் என்ன, இரண்டு விரல் என்றால் என்ன என்று கோவிந்தம்மா பக்கத்திலிருந்து சொல்லிக் கொடுத்தார். நான் ஒரு விரலைக் குறைத்தேன். அவர் திரும்பவும் பிடித்து இழுத்தார். இரண்டாம் இதழும் அவர்களுக்கே என்று நான் சொன்னதும் இரண்டு விரலை விட்டுவிட்டார். துண்டுக்கு அடியில் முடிந்த விலையை வெளியே சொல்லக் கூடாது என்பது மண்டி வழக்கமாம். ஆகவே இங்கேயும் எழுதவில்லை. இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டே கையை உருவிக்கொண்டோம் என்பது மட்டும் உண்மை.

பிறகு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து கோவிந்தம்மா இரண்டாம் இதழைத் திறந்தார். கையை நீட்டி நீட்டிப் பார்த்தார், எழுத்து பிடிபடவில்லை. என் மூக்கிலிருந்த படிக்கும் கண்ணாடியைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டேன். "அடேங்கப்பா" என்றார், "இவ்ளோ கறுப்பாவா கீது எழுத்து!"

எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். கடல் பொங்கியது, படகு கவிழ்ந்தது, டாக்டரைக் கட்டிப் போட்டார்கள். முனிரத்தினம் மீசையைத் தடவிக்கொண்டார். கடைசிக்கு முந்தின பக்கத்தில் பூபதி கலங்கரை விளக்கத்தின் உச்சியில் ஏறி, காவல்காரனின் கையைப் பிடித்துவிட்டான். கோவிந்தம்மாவின் குரல் ஏறியது.

"'எழுத்துத் தெரியாது என்று சொன்னாயே! அன்று செய்தித்தாளை நீ பார்த்த பார்வையிலேயே உன்னைக் கண்டுகொண்டேன்!'"

இத்தனை வருடமாக எனக்குப் புரியாமல் கிடந்த வரி அது. எந்தச் செய்தித்தாள், எந்தப் பார்வை? கோவிந்தம்மா முதல் இதழை எடுத்து, தேடாமலே ஒரு பக்கத்தைத் திறந்து, என் முன்னால் வைத்து விரலை ஊன்றினார். ஓரமாக ஒரு சின்னக் கட்டம். எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, மூலையில் காவல்காரன் பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டுகிறான்.

"பாரு" என்றார். "அந்தப் பேப்பர்ல பெருசா ஒரு சினிமாப் படம் கீது. எழுத்து தெரியாதவன் படத்தத்தான் பாப்பான். நான் அப்டித்தான் பாத்துகினு இருந்தேன். இவன் கண்ணு எங்க கீது? எழுத்து மேல கீது!"

லென்ஸை வைத்துப் பார்த்தேன். உண்மைதான். ஓவியர் அந்தக் கண்ணின் ஒரு புள்ளியில் அதை வைத்திருந்தார்.

கோவிந்தம்மா என் கண்ணாடியோடேயே வாசலுக்குப் போய், கல்பனாவுக்கு போன் போட்டு, "காவக்காரன்தான்டி! காவக்காரன்தான்!" என்று தெருவே கேட்கும்படி சொன்னார். அந்தப் பக்கம் கல்பனா கூச்சலிட்டது எனக்கே கேட்டது. எதிர்வீட்டிலிருந்து ஒருவர் தெலுங்கில், "என்ன, தேர்தல் முடிவா?" என்று எட்டிப் பார்த்தார்.

களியும் கோங்குரா என்கிற புளிச்சக்கீரைக் கடைசலும் சாப்பிடாமல் விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் திருத்தணி பஸ்ஸில் என்னை ஏற்றிவிட இரண்டு பேரும் வந்தார்கள். புத்தகம் என் மடியில், கோவிந்தம்மா சுற்றிக் கொடுத்த புடவைத் துண்டுக்குள் இருந்தது. கண்ணாடி அவர் மூக்கிலேயே இருந்தது. ஊருக்குப் போய் எனக்கு வேறு செய்துகொள்ளலாம். கண்டக்டர் விசில் அடித்தார். ஜன்னலுக்குக் கீழே நின்ற முனிரத்தினம், பஸ் நகர்ந்ததும் கூடவே இரண்டு அடி நடந்து வந்தார்.

"இன்னா இருந்தாலும்மா," என்றார், "அந்த டாக்டரும் ஒண்ணும் நல்லவன் இல்ல."

பின்னாலிருந்து கோவிந்தம்மா சிரிக்கிற சத்தம் வளைவு திரும்பும் வரைக்கும் கேட்டது.